எடைக்குப் போகாத வண்டி

ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு பழைய விறகுத்தொட்டி இருந்தது. விறகு வியாபாரம் நின்றுபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. மண்மதில் சூழ்ந்த பெரிய முற்றமும், ஓரத்தில் ஓடு போட்ட இரண்டு அறைகளும்தான் மிச்சம். அந்த முற்றத்தைப் பார்த்துத்தான் அமீருதீன் கல்யாணமான கையோடு அந்த இடத்தை வாடகைக்குப் பிடித்தான். அவனிடம் ஒரு பிக்கப் வண்டி இருந்தது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் சாமான் ஏற்றத் திறந்த பெட்டி. கப்பலேறிப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது. துறைமுகத்திலிருந்து யானைக்கவுனி மண்டிகளுக்குப் புளி, வெங்காயம், கருவாடு என்று எது கிடைத்தாலும் ஏற்றுவான். சாயங்காலம் வண்டியைக் கழுவிவிட்டுத்தான் தான் குளிப்பான். அவன் பெண்டாட்டி ரஹீமுன்னிசா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பாதிப் பட்டணம் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வருஷம், வண்டியைப் பட்டாளத்துக்கென்று எடுத்துக்கொண்டார்கள். டிரைவராக அமீருதீனும் கூடவே போனான். ரஹீமுன்னிசாவின் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆம்பூருக்கு ரயிலேறினார்கள். அவள் ஏறவில்லை. "என் வூட்டுக்கு நான்தான் காவல். குண்டு போடறவன் என்னைக் கேட்டுகினா போடப்போறான்?" என்று சொல்லிவிட்டு, காலியாகிப்போன தெருவில் தனியாக இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். வாங்க ஆள் இல்லாத நாளில் தானே தின்றாள்.

குண்டு அவள் தலையில் விழவில்லை. அமீருதீனுக்குத்தான் வேறு விதமாக வந்தது. முகாம் கொட்டகையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த ஒரு பேட்டரி வெடித்து, ஆசிட் முகத்தில் தெறித்தது. யாரையும் குற்றம் சொல்ல முடியாத விபத்து. இரண்டு கண்ணும் போயின. வீட்டுக்கு அழைத்து வந்து விட்டார்கள். உள்ளறையில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தவன் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் தவிர எழுந்திருக்கவில்லை.

யுத்தம் முடிந்த மறுவருஷம் வண்டியும் வந்து சேர்ந்தது. ஒரு லாரி அதைக் கயிறு கட்டி இழுத்து வந்து முற்றத்தில் விட்டுப் போனது. பச்சை வர்ணம் பொரிந்து, கண்ணாடி உடைந்து, டயர் நான்கும் தரையோடு சப்பையாக நின்றது. பானட்டுக்குள் எலி கூடு கட்டியிருந்தது. ரஹீமுன்னிசா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். உள்ளேயிருந்து அமீருதீன், "எப்டி கீது?" என்று ஒரு தடவை கேட்டான்.

"உன்னாட்டம்தான் கீது" என்றாள் அவள். அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை.

கடற்காற்றில் வண்டி ஒரு மழைக்காலம் முழுக்கத் துருப்பிடித்தது. அதன் பிறகுதான் பக்ருதீன் வந்தார். அவர் ரஹீமுன்னிசாவின் கூடப்பிறந்த அண்ணன். யானைக்கவுனியில் பழைய இரும்புக் கடை. கெட்டவர் இல்லை. தகப்பன் இல்லாத தங்கையைக் கட்டிக்கொடுத்தவரே அவர்தான். தான் நினைத்ததுதான் மற்றவர்களுக்கும் நல்லது என்று நினைக்கிற மனிதர், அவ்வளவுதான். வந்தவர் வண்டியைக் கையால் தட்டிப் பார்த்தார். இரும்புக் கடைக்காரர் தட்டுகிற தட்டு அது.

"ரஹீமா, இத்த நான் எடைக்கு எடுத்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் நம்ப வூட்டுக்கு வந்துடுங்க. பின்கட்டு ரூம் சொம்மாதான் கீது. தெருவுல குந்திகினு இடியாப்பம் விக்கிறது நம்ப குடும்பத்துக்கு நல்லாவா கீது?"

ரஹீமுன்னிசாவுக்கு அதுவரை வண்டியை என்ன செய்வது என்று ஒரு யோசனையும் இருந்ததில்லை. விற்றிருந்தாலும் விற்றிருப்பாள். ஆனால் அண்ணன் அடுத்தபடியாக ஒரு வார்த்தை சொன்னார்.

"ஒரு குருடனும் ஒரு பொம்பளையும் இத்த வெச்சிகினு இன்னா பண்ணப்போறீங்க?"

அவளுக்குக் காது மடல் சூடேறியது. "ரிப்பேர் பண்ணப்போறோம்" என்றாள்.

பக்ருதீன் சிரித்தார். கேலியாகக்கூட இல்லை, குழந்தை ஏதோ சொன்னால் சிரிப்பது மாதிரி. அந்தச் சிரிப்புதான் தன்னை வண்டிக்கு அடியில் தள்ளியது என்று பிற்பாடு சொல்வாள்.

அவர் போனதும் உள்ளே வந்து கட்டிலுக்கு அடியிலிருந்த மரப்பெட்டியை இழுத்தாள். அமீருதீனின் சாமான்கள்.

"இன்னா பண்றே?"

"வண்டியைப் பாக்கப்போறேன்."

"வித்துத் தொலை ரஹீமா. அண்ணன் சரியாத்தான் சொல்லிக்கிறாரு."

"நீ கட்டில்லயே கெட. உன்னைக் கூப்ட்டனா?"

துப்பட்டியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். எலிக்கூட்டைப் பிய்த்துப் போட்டாள். இஞ்சின் தலையில் நான்கு பிளக்குகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வயர். வயர்களை உருவிப் போட்டாள். பெட்டியிலிருந்து கைக்கு அகப்பட்ட ஸ்பானரை எடுத்து முதல் பிளக்கில் மாட்டித் திருகினாள். ஸ்பானர் வழுக்கியது. மறுபடி மாட்டினாள். மறுபடி வழுக்கி, முட்டியில் தோல் உரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் முறை முழுப் பலத்தோடு இழுத்தாள். கிறீச்சென்று ஒரு சத்தம்.

"அடியேய்! நட்டைத் துண்ணுடுவே! அது பெரிய ஸ்பானரு!"

உள்ளேயிருந்து அலறல். அவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அமீருதீன் சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டான். செருப்புகூடப் போடவில்லை.

"வாயுள்ள ஸ்பானரால பிளக்கைக் கழட்டுவாங்களா? கொழா மாதிரி ஒண்ணு கீது பாரு, அத்த எடு. தலைல போட்டு உக்கார வெச்சி, அப்பால திருப்பு. வலிச்சி இழுக்காதே, கஸ்மாலம்!"

"திட்டறதுன்னா கிட்ட வந்து திட்டு" என்றாள்.

அவன் வந்தான். கை முதலில் மட்கார்டில் பட்டது. பிறகு கை நகர்ந்து, விளக்கு, ரேடியேட்டர், பானட் என்று போனது. உள்ளே விரல்களை விட்டுத் தடவிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றான்.

"இந்தக் கார்பரேட்டர் நம்பள்து இல்ல. எவனோ மாத்திக்கிறான். இந்த பெல்ட்டும் இல்ல." இஞ்சின் தலையைத் தட்டிப் பார்த்தான். "இஞ்சினே நம்பள்துதானோ இன்னாவோ."

"எவனோடதா இருந்தா இன்னா? இப்ப நம்ப முத்தத்துல கீது."

அன்றைக்கு அவன் கட்டிலுக்குத் திரும்பவில்லை.

வண்டியின் முன்பக்கத்தில் ஹேண்டிலை மாட்டிச் சுற்றிப் பார்த்தார்கள். அசையவில்லை. உள்ளே பிஸ்டன்கள் துருவில் ஒட்டிக்கொண்டுவிட்டன. மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து பிளக் ஓட்டைகளில் ஊற்றச் சொன்னான். தினம் காலை இடியாப்பம் விற்று முடித்ததும் ஊற்றுவாள். பிறகு இருவரும் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் ஒரு நூல், இந்தப் பக்கம் ஒரு நூல் என்று ஆட்டுவார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "இன்னா பாய், ஊஞ்சல் ஆடறீங்களா?" என்று ஒருத்தன் கேட்டான். பள்ளிவாசல் பெரியவர் ஒருவர் அமீருதீனைக் கூப்பிட்டு, பெண்பிள்ளை இப்படித் திறந்த முற்றத்தில் வண்டி வேலை செய்வது சரியில்லை என்று எடுத்துச் சொன்னார். ரஹீமுன்னிசா மதிலோரம் இரண்டு கோணிகளைக் கட்டித் தொங்கவிட்டாள். "இனிமே பாக்கறவன்தான் எட்டிப் பாக்கறான். தப்பு அவன்மேல" என்றாள்.

எண்ணெய் ஊறியது. எத்தனை நாள் என்று அவர்கள் எண்ணவில்லை. ஒரு காலையில் ஹேண்டில் க்ரக்கென்று கால் சுற்று சுற்றியது. இருவரும் ஒரே சமயத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அமீருதீன் வாய்விட்டுச் சிரித்தான். கண் போன பிறகு அவன் சிரித்து அவள் கேட்டது அன்றுதான்.

வேலை வேகம் பிடித்தது. பெட்ரோல் டாங்கியைக் கழற்றி, உள்ளே கூழாங்கல் போட்டுக் குலுக்கித் துருவை உதிர்த்தாள். கார்பரேட்டரைப் பிரித்து, அவன் சொல்லச் சொல்ல ஊசித் துளைகளை ஊதினாள். முன்னாளில் அந்த வண்டியில் கிளீனராக இருந்த வரதன் இப்போது துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். விஷயம் கேள்விப்பட்டு, ஒரு டின் பெட்ரோலும் ஒரு பழைய பேட்டரியும் தூக்கிக்கொண்டு வந்தான். பெட்ரோலுக்கு ரேஷன் இருந்த காலம். எங்கே கிடைத்தது என்று ரஹீமுன்னிசா கேட்கவில்லை.

பேட்டரியை வரதன் தொம்மென்று கீழே வைத்தான். அந்தச் சத்தத்தில் அமீருதீனின் முகம் வெளுத்தது. சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வரதன் தலையைத் தொங்கப்போட்டு நின்றான்.

"நான் மாட்டறேன்க்கா."

"நீ நவுரு. எனக்கும் பயமாத்தான் கீது. இன்னிக்கி மாட்டலைனா என்னிக்கும் மாட்ட மாட்டேன்."

முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, துப்பட்டியைக் கண்வரை இழுத்துவிட்டு, இரண்டு வயர்களையும் முறுக்கினாள். ஒன்றும் ஆகவில்லை. கதவைத் தட்டி, "மாட்டியாச்சு. வெடிக்கல. வெளிய வா" என்றாள்.

அவன் வந்தான். ஒரு பிளக்கை வயரோடு இஞ்சின்மேல் கிடத்திவிட்டு, வரதனை ஹேண்டில் சுற்றச் சொன்னான்.

"பொறி வருதா?"

"வருது."

"நீலமா, மஞ்சளா?"

"நீலம். நம்ப மண்ணெண்ணெ அடுப்பு மாதிரி."

"அப்ப போதும்" என்றான். பிளக்குகளையும் வயர்களையும் அவள் மாட்டினாள். ஹேண்டிலை அவனே வாங்கிக்கொண்டான். "இத்த நான் பண்ணணும். யாரும் கிட்ட வராதீங்க."

ஒரு சுற்று. இரண்டாவது சுற்று பாதியில், துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஹேண்டில் எதிர்ப்பக்கமாகத் திரும்பி அடித்தது. அமீருதீன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உருண்டான்.

எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போடுகிறவரிடம் வரதன் தூக்கிக்கொண்டு ஓடினான். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு திரும்பி வந்த அமீருதீன், வலியில் பல்லைக் கடித்தபடியே கேட்டான்.

"வயரைக் கழட்டினப்ப அடையாளம் வெச்சியா?"

ரஹீமுன்னிசாவுக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் நாள் கோபத்தில் உருவிப் போட்ட வயர்கள். மாட்டும்போது எந்த வயர் எந்தப் பிளக்குக்கு நீளம் எட்டுகிறதோ அப்படி மாட்டியிருந்தாள்.

"வெக்கல."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

செய்தி யானைக்கவுனிக்குப் போக எவ்வளவு நேரமாகும்? மறுநாள் பக்ருதீன் ஒரு ஜோடி மாடும், தடித்த வடமும், நான்கு ஆட்களுமாக வந்து இறங்கினார். தெருவே கூடிவிட்டது. ஆட்கள் கோணிகளைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்குள் வந்து, வண்டியின் முன்பக்கத்தில் வடத்தைக் கட்ட ஆரம்பித்தார்கள்.

"ரஹீமா, தள்ளிக்கோ. மாப்பிள்ளைக்குக் கண்ணு போச்சு. இப்ப கையும் போச்சு. இன்னும் இன்னா போவணும்னு பாத்துகினு கீறே?"

"கை ஒடைஞ்சது என் தப்பு. வண்டி இன்னா பண்ணிச்சு?"

"பேஜாரு பண்ணாதே. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"உன் நல்லது உன் வூட்லயே இருக்கட்டும்ணே. எனக்கு வாணாம்."

அவள் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். உடைந்த கண்ணாடி வழியாகத் தலையை நீட்டி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"இழு! என்னையும் சேத்து இழு! பக்ருதீன் பாய் கூடப்பொறந்த தங்கச்சியை எடைக்குப் போட இட்டுகினு போறாருன்னு ராயபுரம் பாக்கட்டும், யானைக்கவுனி பாக்கட்டும்!"

மாட்டுக்காரன் பக்ருதீனைப் பார்த்தான். பக்ருதீன் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இவ்ளோ திமிரா?"

"ஆமா. இவ்ளோதான். இன்னும் வேணும்னா இன்னும் கீது."

அவர் முகம் கறுத்தது. வடத்தை அவிழ்க்கச் சொன்னார். "இனிமே அண்ணன்னு என் வாசப்படி மிதிக்காதே" என்று சொல்லிவிட்டு, மாட்டுக்கு முன்னால் விடுவிடென்று நடந்தார்.

கூட்டம் கலைந்ததும் அமீருதீன் வாசலில் நின்றபடி கேட்டான். "போயிட்டாரா?"

"போயிட்டாரு."

"நீ அங்க இன்னா பண்றே?"

"ஸ்டேரிங்கைப் புடிச்சிகினு கீறேன். கை வுட மாட்டேங்குது." அவள் அழுதுகொண்டிருந்தாள். அவன் வந்து, நல்ல கையால் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான்.

"எறங்கு. வயர் வேலை பாக்கணும்."

பிளக்குகள் நான்கையும் கழற்றச் சொன்னான். வரதன் ஹேண்டிலை மெதுவாகச் சுற்ற, அவள் ஒவ்வொரு ஓட்டையிலும் கட்டை விரலை வைத்தாள்.

"காத்து வெரலைத் தள்ளுதா?"

"ஒண்ணுல தள்ளுது. இப்ப ரெண்டுல. மூணுல இல்ல... நாலுல தள்ளுது. அப்பால மூணுல."

"ஒண்ணு, ரெண்டு, நாலு, மூணு" என்று அமீருதீன் விரல் மடக்கினான். அவன் முகம் மலர்ந்தது. "நம்ப இஞ்சின்தான் போலக்கீது. அதோட வரிசை அதான். இப்ப வயரெல்லாம் வந்து சேர்ற மூடி கீதே, அத்தத் தொற. உள்ள கடிகார முள்ளு மாதிரி ஒண்ணு சுத்தும். ஒண்ணாம் ஓட்டைல காத்து தள்றப்போ முள்ளு எந்தப் பக்கம் பாக்குது? அங்கருந்து ஒண்ணாம் பிளக்குக்கு வயரு. அடுத்தது ரெண்டு. அதுக்கடுத்தது நாலு."

அவள் அப்படியே மாட்டினாள். ஒவ்வொரு வயரிலும் நூல் கட்டி முடிச்சுப் போட்டாள். இந்தத் தடவை அடையாளம் இல்லாமல் அவள் ஒரு போல்ட்டைக்கூடத் தொடுவதாக இல்லை.

ஹேண்டிலுக்கு வரதன் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"அவரு கையை ஒடைச்சது என் வேலை. இதுவும் என் வேலை."

"அப்ப கேளு" என்றான் அமீருதீன். "கட்டை வெரலை ஹேண்டிலைச் சுத்தி வளைக்காதே. மத்த வெரலோட சேத்து ஒரே பக்கம் வெய். திருப்பி அடிச்சா கை தானா வுட்டுடும். கீழே அழுத்தாதே, மேல தூக்கு. பயந்து பாதியில வுடாதே."

அவன் டிரைவர் இடத்தில் ஏறி உட்கார்ந்தான். அவள் பிஸ்மி சொல்லித் தூக்கினாள். ஒன்றுமில்லை. மறுபடி. ஒரு இருமல். மறுபடி. இரண்டு இருமல், ஒரு கறுப்புப் புகை. தோள்பட்டை கழன்று விழும் போலிருந்தது. "போதும்க்கா, நான்..." என்று வரதன் ஆரம்பித்தான். அவள் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. இன்னொரு தரம் தூக்கினாள்.

இஞ்சின் பிடித்துக்கொண்டது. தடதடவென்று, மட்கார்டெல்லாம் ஆட, ஓட்டுக் கூரையில் உட்கார்ந்திருந்த காக்கைகள் மொத்தமாகப் பறக்க, வண்டி உறுமியது. சைலன்சருக்குள் எலி சேர்த்து வைத்திருந்த தென்னை நார் பறந்து வந்து விழுந்தது. அமீருதீன் பெட்ரோல் மிதியைக் கொஞ்சம் அழுத்துவான், விடுவான், மறுபடி அழுத்துவான். அவள் புகைக்குள் நின்று, இருமிக்கொண்டே, யாரும் இல்லாத தெருப்பக்கம் திரும்பி, "கேக்குதா? கேக்குதாடா?" என்று கத்தினாள். யாரைக் கேட்கிறாள் என்று வரதனுக்குப் புரியவில்லை.

டயர்கள் வந்து சேரவும் மற்ற வேலைகள் முடியவும் இன்னும் வெகுநாள் ஆயிற்று. வரதன் மூட்டை தூக்குவதை விட்டுவிட்டு வண்டியை ஓட்ட வந்தான். பக்கத்தில் அமீருதீன் உட்கார்ந்து, இஞ்சின் சத்தத்தைக் கேட்டபடியே போவான். ரஹீமுன்னிசாவுக்கும் ஓட்டிப் பார்க்க ஆசை வந்தது. முற்றத்துக்குள்ளேயே முதல் கியரில் எடுத்தாள். நிறுத்துவது எப்படி என்று கேட்க மறந்துவிட்டாள். கிழக்கு மதில் பத்தடி அகலத்துக்கு இடிந்து விழுந்தது. வீட்டுக்காரன் வந்து சத்தம் போட்டான். அவள் மதிலை எடுத்துக் கட்டவில்லை, வாடகையைக் கூட்டிக்கொள் என்று சொல்லிவிட்டாள். அந்த வழியாகப் பெரிய வண்டிகள் ரிப்பேருக்கு உள்ளே வர முடிந்தது. வந்தன.

முதலில் வந்தவர்கள் வேறு போக்கில்லாதவர்கள். திருவொற்றியூர்ப் பக்கம் போகிற வழியில் நின்றுபோன லாரிகள், எண்ணூரிலிருந்து உப்பு ஏற்றி வந்து இருமிக்கொண்டிருந்த வண்டிகள். ஆள் யாரென்று பார்த்ததும் டிரைவர்கள் தயங்கினார்கள். ஒருத்தன் நேராகவே கேட்டான். "பாய்க்குக் கண்ணு தெரியாது. நீ பொம்பளை. நம்பி எப்டிம்மா வுடறது?"

"வுடாதே. தள்ளிகினு போ" என்று சொல்லிவிட்டு அவள் குனிந்து வேலையைப் பார்த்தாள். அவன் தள்ளிக்கொண்டு போகவில்லை.

பக்ருதீனோடு இரண்டு பெருநாள் பேச்சு வார்த்தை இல்லாமல் கழிந்தது. அவள் போகவில்லை, அவர் வரவில்லை. அப்புறம் ஒருநாள் அவருடைய இரும்புக் கடை லாரி ஒன்று இழுத்து வரப்பட்டது. கூட வந்த ஆள், "மொதலாளி அனுப்பிச்சாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான். ரஹீமுன்னிசா லாரியைச் சுற்றி வந்தாள். மற்ற வண்டிகளுக்குச் செய்கிற மாதிரியே, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல், வேலையை முடித்தாள். எடுத்துப்போக அதே ஆள் வந்தபோது சாவியைக் கொடுக்கவில்லை.

"மொதலாளியே வரட்டும். ஆள் அனுப்பினா குடுக்க மாட்டேன்னு சொல்லு."

"கோவிச்சுக்குவாரும்மா."

"கோவிச்சுகினே வரட்டும்."

நான்கு நாள் லாரி முற்றத்தில் நின்றது. ஐந்தாம் நாள் பக்ருதீன் வந்தார், இடிந்த மதில் வழியாக. தாடி நரைத்திருந்தது. முற்றத்தில் வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்தார். தங்கையின் துப்பட்டியில் இருந்த கறுப்புக் கறைகளைப் பார்த்தார். அவள் லாரியைக் கிளப்பிக் காட்டினாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா கீதே?"

"உன் டிரைவரு கண்டபடி ஓட்றான். அவனை மாத்து, சத்தம் அடங்கிடும்."

உள்ளேயிருந்து அமீருதீன், "யாரு, மச்சானா? ஒரு டீ போடு ரஹீமா" என்றான்.

"நான் போட முடியாது, கையெல்லாம் கிரீஸு" என்றாள் ரஹீமுன்னிசா. "அண்ணே, அடுப்பு உள்ள கீது, டீத்தூளு மேல் பலகைல கீது. எனக்குச் சக்கரை தூக்கலா."

பக்ருதீன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.